டர்போ பைப்: அலுமினியமா, இரும்பா? உப்புக்காற்று அடிக்கும் ஊர்க்காரர்களுக்கு

[காட்சி: முட்டம் கடற்கரை. பானெட் திறந்த கார். மேசையில் மூன்று பைப் துண்டுகள்.]

இந்தப் பைப்பை வெளியிலிருந்து பாருங்கள். கறுப்பு பெயின்ட் அடித்து நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது உள்ளே டார்ச் அடிக்கிறேன். முழுக்கத் துரு. விரல் பட்டாலே செதில் செதிலாக உதிர்கிறது. எஞ்சின் புகையால் சுழன்று காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ, அந்தச் சூடான காற்றைக் குளிர வைப்பது இன்டர்கூலர். குளச்சல் பக்கம் ஓடிய ஒரு டீசல் காரில், இன்டர்கூலருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த பைப் இது. ஏர் ஃபில்டரெல்லாம் இதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். இங்கிருந்து உதிர்வதைத் தடுக்க வழியில் ஒன்றும் கிடையாது. நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

"அலுமினியம் போடவா, இரும்பு போடவா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்.

[காட்சி: எஞ்சின் படம். புகை வழி சிவப்பில், காற்று வழி நீலத்தில்.]

டர்போவுக்குப் புகை வரும் வழி வேறு, காற்று போகும் வழி வேறு. புகை வழியில் யோசிக்கவே வேண்டாம். பெட்ரோல் எஞ்சினில் முழு மிதியில் அந்தப் புகை 900 டிகிரி செல்சியஸைத் தொடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அங்கே வார்ப்பிரும்பு அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) மட்டும்தான்.

காற்று வழியில்தான் கேள்வி. டர்போ அழுத்தித் தள்ளும் காற்று பொதுவாக 100 முதல் 150 டிகிரி வரை சூடாக இருக்கும். அதை அலுமினியம் தாராளமாகத் தாங்கும்.

"அலுமினியம் சூட்டை நன்றாகக் கடத்தும், அதனால் காற்று குளிர்ந்துவிடும்" என்று பலர் சொல்வார்கள். கடத்தும் என்பது உண்மை. எஸ்.எஸ்.ஸைவிடப் பத்து மடங்குக்கு மேல் கடத்தும். ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். 1.5 லிட்டர் எஞ்சின் 4000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது விநாடிக்கு 45 முதல் 50 லிட்டர் காற்றை இழுக்கிறது. 2 அங்குலப் பைப்பில் அது விநாடிக்கு 25 மீட்டருக்கு மேலான வேகம். இரண்டு மீட்டர் பைப்பைக் கடக்க விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் எவ்வளவு குளிர்ந்துவிடும்? குளிர வைப்பது இன்டர்கூலரின் வேலை. அதோடு, மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி நிற்கும்போது பானெட்டுக்குள் இருக்கும் சூட்டையும் அதே அலுமினியம் உள்ளே கடத்தத்தான் செய்யும். ஆக, சூட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எடையில் வித்தியாசம் உண்டு. 2 அங்குலப் பைப் ஒரு மீட்டருக்கு, 2 மில்லிமீட்டர் தடிமன் அலுமினியம் 800 கிராம் சொச்சம். 1.5 மில்லிமீட்டர் எஸ்.எஸ். 1.85 கிலோ. காருக்கு இது பெரிதில்லை. பைப்பைத் தாங்கும் ஓசுக்கும் பிராக்கெட்டுக்கும் பெரிதுதான்.

[காட்சி: கடலோர வீட்டு ஜன்னல் கம்பி, பெயின்ட் பொங்கி நிற்கிறது.]

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முடிவு செய்வது துருதான். இந்த ஜன்னலைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழையும் நமக்குத்தான், வடகிழக்கும் நமக்குத்தான். மீதி நாளெல்லாம் கடல்காற்று. பெயின்ட் அடித்த கம்பிக்கே இந்தக் கதி என்றால், உள்ளே பெயின்ட் ஏறாத எம்.எஸ்., அதாவது சாதாரண இரும்புப் பைப் என்ன ஆகும்? விலை குறைவு, எந்தப் பட்டறையிலும் ஆர்க் வெல்டிங் வைத்துத் தருவார்கள், எல்லாம் சரி. காற்று வழிக்கு அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குலசேகரம் பக்கம் கடல் தூரம்தான், ஆனால் மழையும் ஈரமும் அங்கே இன்னும் அதிகம்.

அப்போ அலுமினியமா, எஸ்.எஸ்.ஸா? உங்கள் வெல்டரைக் கேளுங்கள். அலுமினியத்துக்கு ஏ.சி. மின்னோட்டம் தரும் டிக் வெல்டிங் மெஷின், ஆர்கான் வாயு, பழகிய கை மூன்றும் வேண்டும். மேலே வரும் ஆக்சைடு படலத்தைத் துடைத்து எடுக்காமல் வைத்தால் வெல்டிங் பற்று ஊசி ஊசியாக ஓட்டை விடும். அப்படிக் கை இருந்தால் நான் அலுமினியமே போடுவேன். இல்லையென்றால், நல்ல எஸ்.எஸ். வெல்டிங் மோசமான அலுமினிய வெல்டிங்கைவிட நூறு மடங்கு மேல்.

அலுமினியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அதிர்வு தொடர்ந்தால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. இரண்டையும் ஒரே கட்டிப் பைப்பாக இணைக்காதீர்கள். நடுவில் சிலிக்கோன் ஓஸ் துண்டு அவசியம். பிராக்கெட் போல்ட் அலுமினியத்தில் நேராகத் தொடும் இடத்தில் ரப்பர் புஷ் வையுங்கள். உப்பு ஈரம் நடுவில் புகுந்தால் இரும்போடு தொட்டிருக்கும் அலுமினியம்தான் அரித்துப் போகும்.

[காட்சி: பைப் முனையில் இருக்கும் வளைய மேடு, அருகில்.]

முனையில் இந்த மேடு இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாவிட்டால், பைப் எதுவானாலும், ஆரல்வாய்மொழி ஏற்றத்தில் ஒரு மிதி மிதித்ததும் ஓஸ் கழன்று வந்துவிடும்.

மாட்டும் முன் உள்ளே இருக்கும் வெல்டிங் பொடி, அரத்தூள் எல்லாம் போகக் கழுவி, காயவைத்து, துணி விட்டு இழுத்துவிடுங்கள். மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர். குறைந்த அழுத்தத்தில் காற்றை அடைத்து, சைக்கிள் டியூப்புக்குப் பார்ப்பதுபோல ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள். குமிழ் வருகிற இடத்தில் கிளாம்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கி, மறுபடி தடவுங்கள்.