இரவுச் சாப்பாட்டு வெஞ்சனமும் தண்ணீர்க் கணக்கும்

(மதுரையில் வீட்டுச் சமையல் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியோர்களே, புதிதாக அடுப்படிக்குள் வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நம்ம ஊர் வீடுகளில் இரவுக்குப் பெரும்பாலும் இட்லி, தோசை, இல்லையென்றால் சப்பாத்தி. மதியச் சோறு மீந்திருந்தால் அதற்கு ரசமோ மோரோ. இவற்றில் பெரிதாகப் பிசகு வருவதில்லை. தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தில்தான் வருகிறது. பொரியல் குழைந்துபோகிறது, கூட்டிலிருந்து தட்டில் தண்ணீர் பிரிந்து ஓடுகிறது, சட்னி திரிந்துபோகிறது. உடனே மசாலா பத்தவில்லை என்று இன்னொரு ஸ்பூன் மிளகாய்ப்பொடி விழுகிறது. குறை மசாலாவில் இல்லை. காய்க்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, நாம் எவ்வளவு ஊற்றுகிறோம், எந்த நேரத்தில் ஊற்றுகிறோம் என்று பார்த்தாலே பெரும்பாலான கோளாறு சரியாகிவிடும். இன்றைக்கு அதை மட்டும்தான் பேசப்போகிறேன். நான் சொல்லும் அளவெல்லாம் நான்கு பேருக்கு. தம்ளர் என்றால் 200 மில்லி, ஸ்பூன் என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொரியல். அவரைக்காயும் முட்டைக்கோசும் ஒரே மாதிரிப் பொரியல் ஆகாது. அவரைக்காயில் நார் அதிகம். அது வேகக் கொஞ்சம் ஆவி வேண்டும். 300 கிராம் அவரைக்காயைப் பொடியாக அரிந்து, தாளிப்பில் போட்டு, உப்புப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, நாலு மேசைக்கரண்டித் தண்ணீரை மேலே தெளித்து மூடுங்கள். சிறு தீயில் எட்டிலிருந்து பத்து நிமிடம். பிறகு மூடியை எடுத்துவிட்டு மூன்று நிமிடம் புரட்டினால் ஈரம் போய்விடும். ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி வேகவைத்து, மீதியை வடித்துக் கொட்டுகிறார்களே, அந்தத் தண்ணீரோடு காயின் ருசியும் சத்தில் ஒரு பங்கும் சாக்கடைக்குப் போகிறது.

முட்டைக்கோசுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்புப் பட்டதும் அது தானாக வெளியே வரும். அகலமான இரும்புச் சட்டியில், மூடாமல், நடுத்தரத் தீயில் ஏழெட்டு நிமிடம் போதும். சின்னச் சட்டியில் அரைக் கிலோவை அடைத்தால் கீழே இருப்பது தன் தண்ணீரிலேயே அவிந்து வாடை அடிக்கும். சட்டி சின்னதாக இருந்தால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். தேங்காய்ப்பூவை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள்.

வெண்டைக்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் பேர் கேட்கிற கேள்வி அது. கொழகொழப்பு வெண்டைக்காயின் குற்றமில்லை. அதற்குள் இருக்கும் பசை தண்ணீர் பட்டதும் ஊறி நூலாக இழுக்கிறது. ஆகையால் முழுக் காயாகக் கழுவி, துணியில் துடைத்து, கால் மணி நேரம் உலரவிட்டு அப்புறம் அரியுங்கள். அரிவாள்மனையும் பலகையும்கூட ஈரமில்லாமல் இருக்க வேண்டும். 300 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். மூடவே கூடாது, மூடியில் படியும் ஆவி சொட்டாக விழுந்தால் மறுபடி கொழகொழப்புதான். முதல் ஐந்து நிமிடம் கரண்டியை அதிகம் போடாதீர்கள். விதை உடைந்து பசை இன்னும் வெளியே வரும். நூல் இழுப்பது நின்று, ஓரம் லேசாகச் சிவந்த பிறகு, அதாவது பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் கழித்து உப்புப் போடுங்கள். முன்னாலேயே போட்டால் உப்பு காயின் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். அப்படியும் நூல் இழுத்தால் ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரோ, இரண்டு ஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசலோ விடுங்கள். புளிப்பு அந்தப் பசையை முறித்துவிடும்.

சேனை, வாழைக்காய், உருளை மூன்றையும் தனியாக வேகவைத்து, வடித்து, ஆவி அடங்கிய பிறகு வறுப்பதே நல்லது. சேனை வேகும் தண்ணீரில் கொஞ்சம் புளி சேர்த்தால் நாக்கு அரிப்புக் குறையும். முக்கால் பதம் வெந்ததும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது கூட்டு. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், சௌசௌ எல்லாமே நீர்க்காய்கள். இவற்றுக்குப் பாசிப்பருப்புதான் பொருத்தம். சீக்கிரம் வேகும், இரவில் வயிற்றுக்கும் இதம். 100 கிராம் பருப்பை வெறும் சட்டியில் வாசம் வருகிற வரைக்கும் வறுத்து, கழுவி, இரண்டு தம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளுடன் வேகவையுங்கள். பருப்பு மலர வேண்டும், கரையக் கூடாது. 300 கிராம் சுரைக்காயைத் தனியாகக் கால் தம்ளர் தண்ணீரில் வேகவையுங்கள். கால் தம்ளரா, பத்துமா என்று தோன்றும். ஐந்து நிமிடம் மூடிவைத்துத் திறந்து பாருங்கள், காய் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் விட்டிருக்கும். மூன்று மேசைக்கரண்டித் தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், இரண்டு பச்சை மிளகாய், நாலு சின்ன வெங்காயம். இதை அரைத்து ஊற்றி, இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். தேங்காய் விழுது அதிக நேரம் கொதித்தால் எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரியும்.

இறக்கும் பதம் முக்கியம். ஆறும்போது பருப்பு இறுகும் என்பதால், தட்டில் எந்தப் பதம் வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் இளக்கமாக இறக்க வேண்டும். அப்படியும் தண்ணீராக இருந்தால் அரை ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி விடுங்கள். அரை ஸ்பூனுக்கு மேல் போனால் கூட்டில் மாவு வாடைதான் நிற்கும்.

இங்கே நம்ம ஊருக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. “அதே பருப்பு, அதே குக்கர், ஆனால் வேகவே இல்லை” என்று பலர் சொல்கிறார்கள். பருப்பு வேகவைத்த தண்ணீர் எது என்று கேட்டால் போர் தண்ணீர் என்பார்கள். மதுரையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினமானது. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் சுவரை இறுக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே நிற்கும். வைகை அணையிலிருந்து வரும் குடிதண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஊறவைக்கும் தண்ணீரும் அதுவாகவே இருக்கட்டும். இரண்டாவது காரணம் புளி, தக்காளி. பருப்பு முழுக்க வெந்த பிறகே புளிப்பு சேர வேண்டும். முன்னால் சேர்ந்தால் வேக்காடு அங்கேயே நின்றுவிடும். மூன்றாவது, பழைய பருப்பு. கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கி ஒரு வருடம் டப்பாவில் கிடந்த துவரம்பருப்பு நன்றாக வேக வேண்டுமானால் இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும். சோடா உப்பைப் போட்டால் வெந்துவிடும், உண்மைதான். ஆனால் ருசியும் சத்தும் குறையும். அன்றாடப் பழக்கமாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கீரைக் கடைசல். அரைக்கீரையோ சிறுகீரையோ, பெரிய கட்டு ஒன்று. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, கீரையை அலசி, மேலாகக் கையால் அள்ளி எடுங்கள், மூன்று தடவை. பாத்திரத்தைச் சாய்த்துக் கொட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையிலேயே வந்து உட்காரும். ஈரக் கீரையே பாதித் தண்ணீரைக் கொண்டுவந்துவிடும்; கூடக் கால் தம்ளர் போதும். ஆறு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் சீரகத்தோடு ஆறேழு நிமிடம், மூடாமல். மூடினால் கீரையில் இருக்கிற புளிப்பு ஆவி வெளியே போக வழியில்லாமல் பச்சை நிறத்தைக் கெடுத்துப் பழுப்பாக்கிவிடும். உப்பைக் கடைந்த பிறகு போடுங்கள். கட்டாக இருக்கும்போது மலையாகத் தெரிகிற கீரை வெந்தால் ஒரு கிண்ணம். முன்னாலேயே கண்ணளவில் போட்டால் கரித்துவிடும்.

மிக்ஸியில் அடித்தால் கூழாகிவிடும். மண்சட்டியும் கீரை மத்தும்தான் இதற்கு. மானாமதுரை மண்பாண்டம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பக்கத்தில் கிடைக்கிற அந்தச் சட்டியை வாங்குங்கள். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, மறுநாள் அரிசி களைந்த தண்ணீரைச் சிறு தீயில் கொதிக்கவிட்டு ஆறவைத்த பிறகு பயன்படுத்த வேண்டும். ஊறாத சட்டி அடுப்பில் விரிசல் விடும், கீரையின் தண்ணீரையும் குடித்துவிடும். இரவில் கீரை வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லும் வீடாக இருந்தால் மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சமைத்த கீரையை வெளியே வைத்திருந்து மறுநாள் சுடவைப்பது மட்டும் கூடவே கூடாது.

இப்போது தண்ணிச் சட்னி. மதுரை இட்லிக்கு இது இல்லாமல் இரவு இறங்குமா? கெட்டிச் சட்னியில் தண்ணீரைக் கலந்தால் தண்ணிச் சட்னி ஆகிவிடும் என்று நினைப்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் காரணம். இட்லி அதை உறிஞ்ச வேண்டும். அதே சமயம் கிண்ணத்தில் மேலே தண்ணீரும் அடியில் திப்பியுமாகப் பிரியவும் கூடாது.

அரை மூடித் தேங்காயைத் துருவிக்கொள்ளுங்கள். ஓட்டை ஒட்டிய பழுப்புத் துருவலை விட்டுவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டிப் பொட்டுக்கடலை, நாலு பச்சை மிளகாய், சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, உப்பு. பொட்டுக்கடலையைத் தனியாக முதலில் பொடித்துவிட்டு மற்றவற்றைச் சேர்த்து, கால் தம்ளர் தண்ணீரில் வெண்ணெயாக அரையுங்கள். தண்ணீரை முதலிலேயே நிறைய ஊற்றினால் தேங்காய் பிளேடில் சிக்காமல் சுற்றிச் சுற்றி ஓடும், அரைபடாது. தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது பொட்டுக்கடலையின் மாவு. அது குறைந்தால் பிரியும், கூடினால் ஆறியதும் கஞ்சியாகிவிடும்.

சட்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பத்துச் சின்ன வெங்காயம் பொடியாக, கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடியாக வதங்கியதும் இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். நன்றாகக் கொதித்த பிறகு தீயைக் குறைத்து விழுதைக் கரைத்து ஊற்றுங்கள். அங்கிருந்து நகரக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டும், நடுவில் லேசாகப் பொங்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் அணையுங்கள். ஒரு கொதி வந்துவிட்டாலும் தேங்காய்ப்பால் திரிந்து மேலே எண்ணெய்க்கண் மிதக்கும். அதற்கு மாற்று கிடையாது. தண்ணீரைத் தனியாக முன்னால் கொதிக்கவைப்பது வெங்காயத்தின் சாறு அதில் இறங்குவதற்காகவும், விழுது அடுப்பில் அதிக நேரம் இருக்காமல் இருப்பதற்காகவும்தான்.

துவையலில் நேர் எதிர். பீர்க்கங்காயைக் கூட்டுக்கு அரிந்தால் தோலைத் தூக்கிப் போடாதீர்கள். அரைக் கிலோக் காயின் தோலை நரம்பு நீக்கிப் பொடியாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் ஈரம் முழுக்கச் சுண்டுகிற வரைக்கும் வதக்குங்கள். ஆறேழு நிமிடம் ஆகும். பாதியில் இறக்கினால் பச்சை வாடை அடிக்கும். இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பும் நாலு மிளகாய் வற்றலும் தனியாக வறுபட வேண்டும். பருப்பு பொன்னிறம் தாண்டிச் சிவந்தால் கசக்கும். கோலிக்குண்டு அளவு புளி. எல்லாம் ஆறட்டும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் ஆவி மூடியைத் தள்ளும், அந்த ஆவியே உள்ளே தண்ணீராகித் துவையலை இளக்கிவிடும். வற்றல், புளி, உப்பை முதலில் பொடித்து, அப்புறம் தோல், கடைசியில் பருப்பை இரண்டு சுற்று. பருப்பு பல்லில் படுகிற மாதிரி இருந்தால்தான் துவையல். மிக்ஸி ஓடவில்லை என்றால் ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகத் தண்ணீர் தெளியுங்கள்; மூன்று ஸ்பூனைத் தாண்டாதீர்கள். தேங்காய் சேர்க்காமல் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலைத் தோசைக்கும் ஆகும்.

தாளிப்புக்கு ஒரு வார்த்தை. சட்டியும் கறிவேப்பிலையும் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் காய்ந்த பிறகே கடுகு, அது வெடித்து அடங்கிய பிறகே உளுத்தம்பருப்பு, பெருங்காயம் கடைசி. காயாத எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்காமல் கிடந்து கசக்கும்.

மீந்ததைப் பற்றிக் கேட்பீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தேங்காய் அரைத்த எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வீட்டில் யாராவது தாமதமாக வருவார்கள் என்றால் விழுதைத் தனியாக ஃபிரிட்ஜில் எடுத்துவைத்து, அவர்கள் வந்த பிறகு அவர்களுக்கு மட்டும் தண்ணிச் சட்னி கூட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. ஃபிரிட்ஜில் இறுகிய கூட்டுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றாமல், கால் தம்ளர் வெந்நீரை ஓரமாக விட்டு, கிளறாமல் மூடி, சிறு தீயில் நன்றாக ஆவி பறக்கிற வரைக்கும் சுடவைத்து, பிறகு அடியிலிருந்து ஒரே புரட்டாகப் புரட்டுங்கள்.