யாரோஸ்லாவ்ல் மோட்டார் ஆலை: இரவல் எஞ்சினிலிருந்து சொந்த டீசல் வரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வோல்கா ஆற்றங்கரையில் உள்ள யாரோஸ்லாவ்ல் நகரின் மோட்டார் ஆலையை, சோவியத் கனரக வாகனங்களுக்கு டீசல் எஞ்சின் வழங்கிய ஆலையாகவே பலரும் அறிவர். அந்த ஆலை எஞ்சினுக்காகத் தொடங்கப்பட்டதன்று. தன் லாரிகளுக்குத் தகுந்த எஞ்சின் கிடைக்காமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பட்ட பாடே அதை எஞ்சின் ஆலையாக்கியது என்பது என் கருத்து.

1916-இல் விளாதிமிர் லெபெதெவ் என்னும் தொழிலதிபர் நிறுவிய இவ்வாலை, புரட்சிக்குப் பின் அரசுடைமையாகி, 1925-இல் 'யா-3' என்னும் மூன்று டன் லாரியைத் தயாரித்தது. ஆனால் அதற்குக் கிடைத்ததோ, மாஸ்கோவின் ஆமோ ஆலை ஒன்றரை டன் லாரிக்கென்று செய்த, சுமார் 35 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின். பின்னர் ஜெர்மனியின் மெர்சிடிஸ், அமெரிக்காவின் ஹெர்குலிஸ் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். 1930-களில் மீண்டும் உள்நாட்டு 'ஜிஸ்-5' லாரியின் 73 குதிரைத்திறன் எஞ்சினுக்கே திரும்ப நேர்ந்தது. வலுவான சட்டகம், வலுவற்ற எஞ்சின் என்பதே போருக்கு முந்தைய யாரோஸ்லாவ்ல் லாரிகளின் நிலை.

போர் முடிந்தபின், 1947-இல், நிலைமை மாறியது. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு ஸ்ட்ரோக் டீசலை மாதிரியாகக் கொண்டு உருவான நான்கு சிலிண்டர் 'யாஆஸ்-204' அங்கே உற்பத்திக்கு வந்தது. ஊதுகருவி ஒன்று சிலிண்டர்ச் சுவரின் துளைகள் வழியே காற்றைச் செலுத்திப் பழைய புகையை வெளியேற்ற, பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் பிறப்பதால், ஐந்து லிட்டருக்கும் குறைந்த கொள்ளளவிலேயே 110 குதிரைத்திறன் கிடைத்தது. பிறர் வடிவமைப்பைப் பின்பற்றியதை இழுக்கென்று சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போன்ற நுண்ணிய பாகங்களைப் பெருமளவில் துல்லியமாகச் செய்யும் திறனை அந்த ஆலையின் தொழிலாளர்கள் அந்த எஞ்சினிலேதான் பழகினார்கள்.

லாரி உற்பத்தி படிப்படியாக மின்ஸ்க் நகருக்கும் உக்ரைனின் கிரெமென்சூக் நகருக்கும் மாற்றப்பட, 1958-இல் ஆலை மோட்டார் ஆலை எனப் பெயர் பெற்றது. தலைமை வடிவமைப்பாளர் கியோர்கி செர்னிஷெவின் குழு நான்கு ஸ்ட்ரோக் டீசல்களை உருவாக்கியது. ஆறு சிலிண்டர் 'யாஎம்இஸட்-236' 180 குதிரைத்திறனும், எட்டு சிலிண்டர் '238' 240 குதிரைத்திறனும் தந்தன. இரண்டுக்கும் சிலிண்டரின் விட்டம் 130 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 140 மில்லிமீட்டர். அளவுகளை இவ்வாறு பொதுவாக வைத்ததே அவர்களுடைய தொலைநோக்கு; தொலைதூரப் பணிமனைகளில் உதிரிபாகத் தட்டுப்பாட்டின் சுமையை அது பெரிதும் குறைத்திருக்கும்.

1976 பிப்ரவரி 16 அன்று நபெரெஷ்னியே செல்னி நகரில் வெளிவந்த முதல் காமாஸ் லாரியின் '740' டீசலும் யாரோஸ்லாவ்லில் வடிவமைக்கப்பட்டதே.