மூன்று வரித் தந்தி

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

ஊடகங்கள் மக்கள் மனத்தை எப்படி மாற்றுகின்றன என்று பேசச் சொன்னீர்கள். பொய்ச் செய்திகளைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். பொய்யைவிட எனக்கு அதிக அச்சம் தருவது சுருக்கம். யாரோ ஒருவர் ஒரு செய்தியைத் தம் வசதிக்கு நறுக்கி அனுப்புகிறார். கைக்கு வந்த துண்டையே முழுச் செய்தி என்று நம்பி நாம் கோபப்படுகிறோம், பயப்படுகிறோம், தெருவில் இறங்குகிறோம். இதே டர்பனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1896 ஆகஸ்டில், இந்தியாவுக்குப் போயிருந்த காந்தி ராஜ்கோட்டில் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். பச்சை அட்டை, பத்தாயிரம் பிரதிகள். டர்பன் அடங்கிய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் நம்மவர் படும் பாடுதான் பொருள். இங்கே இருந்தபோது எழுதியதைவிட நிதானமான மொழியில்தான் அதை எழுதியிருந்தார். இந்தியப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. அதன் சுருக்கத்தை ராய்ட்டர் செய்தி நிறுவனம் லண்டனுக்கு அனுப்பியது. அந்தச் சுருக்கத்தை மறுபடி சுருக்கி லண்டன் அலுவலகம் நேட்டாலுக்குத் தந்தி கொடுத்தது. அச்சில் ஏறியபோது அது மூன்று வரி. நேட்டாலில் இந்தியர்கள் கொள்ளையடிக்கப்படுகிறார்கள், அடிக்கப்படுகிறார்கள், மிருகங்களைப் போல நடத்தப்படுகிறார்கள், கேட்பார் இல்லை என்பது அதன் சாரம். அவற்றில் காந்தியின் சொல் ஒன்றுகூட இல்லை.

வெள்ளையர்கள் படித்தது அந்த மூன்று வரியை மட்டுமே. பிரசுரத்தை யார் பார்த்தார்கள்? டிசம்பரில் கூர்லாண்ட், நாதேரி என்ற இரண்டு கப்பல்கள் சுமார் எண்ணூறு பயணிகளுடன் டர்பன் துறைமுகத்துக்கு வந்தன. காந்தியும் ஒன்றில் இருந்தார். நேட்டாலை நிரப்புவதற்காகவே அவர் இந்த எண்ணூறு பேரையும் கூட்டி வருகிறார் என்ற பேச்சும் தந்தியோடு சேர்ந்துகொண்டது. அவர்களில் பலர் அண்டை நாடான டிரான்ஸ்வாலுக்குப் போக வேண்டியவர்கள் என்பது யார் காதிலும் ஏறவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் கப்பல்களைக் கரைக்கு விடவில்லை. 1897 ஜனவரி 13ஆம் தேதி காந்தி இறங்கியபோது கல்லும் முட்டையும் பறந்தன, அடியும் உதையும் விழுந்தன. போலீஸ் அதிகாரி அலெக்சாண்டரின் மனைவி தம் குடையை விரித்துக் குறுக்கே நின்றிராவிட்டால் அன்றே அவர் செத்திருப்பார். பிறகு இந்தியக் காவலரின் உடையை மாட்டி, தலையில் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மதராஸ் துண்டு ஒன்றைச் சுற்றிக்கட்டி வெளியே கடத்தினார்கள். அந்தத் துண்டு யாருடையதோ, நம்மூர்க்காரர் ஒருவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

கப்பலிலிருந்து இறங்கும் முன்பே அவரைப் பேட்டி கண்டிருந்தார் ஒரு செய்தியாளர். இந்தியாவில் தாம் பேசியதையும் எழுதியதையும் காந்தி விளக்கிச் சொன்னார். அந்தப் பேட்டி அச்சில் வந்ததும் நகரத்தின் பேச்சு மாறியது. பத்திரிகைகளே கூட்டத்தைக் கண்டித்தன. மூன்று வரி மூட்டிய தீயை ஒரு முழுப் பேட்டி அணைத்தது. ஆனால் பேட்டி அடிக்குப் பிறகுதான் வந்தது. தம்மை அடித்தவர்கள்மீது வழக்குப் போட காந்தி மறுத்துவிட்டார். தாம் மிகைப்படுத்திப் பேசியதாக அவர்களை நம்ப வைத்துவிட்டார்கள், அவர்கள்மீது என்ன குற்றம் என்று கேட்டார். அடித்த கையை விட்டுவிட்டு, அந்தக் கையை ஓங்கச் செய்த சொல் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்திருக்கிறார்.

அந்த மூன்று வரிக்குப் பின்னால் இருந்த மனிதர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரியும். 1894இல் கிழிந்த உடையோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தி காந்தியின் அலுவலகத்துக்கு வந்த பாலசுந்தரம். தமிழர், ஒப்பந்தக் கூலி. தந்தியில் பாலசுந்தரத்துக்கு இடம் இல்லை. பெயரையும் முகத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் குற்றச்சாட்டு. அதைப் படிப்பவனுக்கு இரக்கம் எப்படி வரும்?

இந்த அடியிலிருந்து பாடம் கற்றுத்தான் நம்மவர்கள் 1903 ஜூன் 4ஆம் தேதி இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையைத் தொடங்கினார்கள் என்று நான் நம்புகிறேன். ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகள். அடுத்த ஆண்டே அச்சகம் டர்பனுக்கு அருகே காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனது. 1906இல் தமிழ்ப் பக்கங்களும் இந்திப் பக்கங்களும் நிறுத்தப்பட்டன. எழுதவும் அச்சுக் கோக்கவும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை. இதை ஒரு சின்ன நிர்வாகச் செய்தியாக என்னால் கடந்து போக முடியவில்லை. 1913இல் நியூகாசில் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் செய்து நடைப்பயணம் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அந்த வேலைநிறுத்தத்தின்போது மவுண்ட் எட்ஜ்கோமில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்கள் நம் தோட்டத்து மக்கள். பி. எஸ். ஐயர் 1908இல் தொடங்கிய ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் என்ற பத்திரிகை தமிழிலும் எழுதியது, ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள்மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் வரியை விடாமல் எதிர்த்தது. அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? வள்ளியம்மையின் பெயர் நிலைத்தது, யாரோ எழுதி வைத்ததால். எழுதப்படாதவர்கள் எத்தனை பேர் என்று என் ஆயா கேட்பார். அவர் தோட்டத்துப் பாரக்குகளில் பிறந்தவர்.

நம் இந்தியன் ஒப்பீனியனின் குறையையும் சொல்லியாக வேண்டும். அதன் தொடக்க ஆண்டுகளில் கறுப்பின மக்களைக் குறிக்க, இன்று இந்த நாட்டில் வாயால் சொல்லக்கூடாத ஒரு சொல்லே அச்சானது. வெள்ளையர் பத்திரிகைகள் நம்மை எப்படிப் பார்த்தனவோ, அதே கண்ணால் நாம் அண்டை வீட்டாரைப் பார்த்தோம்.

அதன் விலை 1949 ஜனவரியில் தெரிந்தது. டர்பன் கடைத்தெருவில் ஓர் இந்தியர் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனை அடித்தார். சிறுவன் இறந்துவிட்டான் என்ற வதந்தி பஸ் நிறுத்தங்கள் வழியே பரவியது. அதில் வெடித்த கலவரத்தில், அரசுக் கணக்கில் 142 பேர் இறந்தார்கள். 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். வறுமையும் நிலத் தகராறும் அடியில் கிடந்தன. பற்றவைத்தது ஒரு வாக்கியம்.

தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு 1976 ஜனவரி 5இல்தான் வந்தது. அதே ஆண்டு ஜூன் 16இல் ஜொகன்னஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டார்கள். அரசின் பெட்டி அரசுக்குத் தேவையானதைக் காட்டியது. நான் வளர்ந்த காலத்தில் மண்டேலாவின் படத்தை அச்சிடக் கூடாது. 1990 பிப்ரவரி 11 அன்று சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினேழு பேர் உட்கார்ந்து அவர் சிறையிலிருந்து நடந்து வருவதைப் பார்த்தோம். ‘இவரா?’ என்று அம்மா கேட்டார். அத்தனை ஆண்டும் யாரைக் கண்டு பயப்படச் சொன்னார்களோ, அவர் நரைத்த தலையோடு மனைவியின் கையைப் பிடித்து நடந்து வந்தார். காட்டாமல் மறைப்பதும் மனத்தை வடிக்கும் வேலைதான்.

2021 ஜூலைக்கு வருகிறேன். இந்த அறையில் பலருக்கு இது வலிக்கும், எனக்கும் வலிக்கிறது. முன்னாள் அதிபர் சூமா சிறைக்குப் போன பின் கடைகள் சூறையாடப்பட்டன. நாட்டில் 350க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியர் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் இறந்தவர்கள் 36 பேர் என்றது காவல்துறை. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். காந்தியின் அச்சகம் இருந்த இடத்தின் பெயரைத் தாங்கிய அந்த ஊரில்.

அந்த இரவுகளில் என் கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ‘மூன்று லாரி நிறைய ஆட்கள் உங்கள் பக்கம் வருகிறார்கள்’ என்றது பதற்றமான ஒரு குரல். யார் குரல், எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. நான் அதை நாற்பது உறவினர்களுக்கு அனுப்பினேன். லாரி எதுவும் வரவில்லை. ஆனால் அதைக் கேட்ட என் மைத்துனர் மகன், இருபத்திரண்டு வயது, கையில் கட்டையோடு தெருமுனைக் காவலுக்குப் போய் விடியும்வரை நின்றான். அவன் கை யார்மீதும் ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் அந்தக் கைக்குச் சொல் கொடுத்தவன் நான்.

சில வாரங்களுக்குப் பிறகு, என்னோடு வேலை செய்யும், கறுப்பின மக்கள் வாழும் குவாமாஷு பகுதியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் மதிய உணவு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அதுவரை நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இருவரும் கைப்பேசிகளை மேசைமேல் வைத்து, வந்த காட்சிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டோம். என்னிடம் இருந்த எதையும் அவர் பார்த்திருக்கவில்லை. அவரிடம் இருந்தவற்றில் ஒன்றைத் தவிர எதையும் நான் பார்த்திருக்கவில்லை. அந்த ஒன்று, ஒரு சாலைத் தடுப்பில் இரண்டு இளைஞர்கள் காரிலிருந்து இறங்கி ஓடும் காட்சி. எனக்கு வந்தது பத்தொன்பது வினாடி, ஓட்டம் மட்டும். திருடர்கள் என்று நினைத்திருந்தேன். அவருக்கு வந்தது இரண்டு நிமிடம். முதலில் அந்தப் பையன்கள் காரின் பின்கதவைத் திறந்து காட்டுகிறார்கள். உள்ளே ரொட்டி. அவர் அதை இரண்டு முறை ஓட்டிக் காட்டினார். மூன்றாவது முறை நானே கேட்டேன்.