பெல்ட்டுப் பையில் ஒரு மடக்குக் கத்தி

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலிச் சீமைக்காரன் ஒருவன் வானொலியில் கத்தியைப் பற்றிப் பேசப்போகிறான் என்றால், கேட்பவர்கள் வேறு எதையாவது எதிர்பார்த்துவிடுவார்கள் என்று என் வீட்டார் எச்சரித்தே அனுப்பினார்கள். நான் பேச வந்தது வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பையில் அடங்கிக் கிடக்கிற மடக்குக் கத்தியைப் பற்றி. காலையில் சொட்டுநீர்க் குழாயை நறுக்கவும், நண்பகலில் வாழை நாரைக் கிழிக்கவும், மாலையில் முட்டுக்கொடுத்த கயிற்றை அறுக்கவும் உதவுகிற, விரித்தாலும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டாத சிறு கருவி அது. சேரன்மகாதேவிப் பக்கம் நாற்பது ஆண்டுகளாக வாழை போடுகிறவன் நான். அந்த நாற்பது ஆண்டுகளில் ஆறு மடக்குக் கத்திகள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் நான்கை வாங்கியிருக்கவே கூடாது.

கடையில் மடக்குக் கத்தியைக் கையில் வாங்கியதும் நாம் முதலில் பார்ப்பது அலகைத்தான். பளபளக்கிறதா, நீளமாக இருக்கிறதா, கட்டைவிரலில் வைத்தால் கூர் தெரிகிறதா என்று பார்க்கிறோம். கூர் போனால் தீட்டிக்கொள்ளலாம். தீட்டி மீட்க முடியாத உறுப்பு ஒன்று மடக்குக் கத்தியில் உண்டு. அது அலகும் பிடியும் சேருகிற மூட்டு. அரிவாளுக்கும் சமையற்கட்டுக் கத்திக்கும் அந்தக் கவலை இல்லை. மடங்குகிற கத்திக்கு மட்டும் உயிர் மூட்டில் இருக்கிறது. இதையே இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றுக்கொள்ள ஒரு விரல் செலவாக இருந்தது. ஓர் ஆனித் தேரோட்டத்தின்போது, டவுனில் சாலையோரம் விரித்திருந்த கடையில் கறுப்புப் பூச்சுப் பூசிய, அகலமான அலகுள்ள கத்தி ஒன்றைப் பார்த்தேன். முதுகில் பல் வெட்டியிருந்தது. பிடியில் துளைகள் போட்டிருந்தார்கள். பார்ப்பதற்குப் படைவீரர் வைத்திருக்கும் கத்தி போலவே இருந்தது. பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் நன்றாகத்தான் உழைத்தது. பிறகு ஒரு நாள், தண்ணீர் ஊற்றி வைக்கும் பிளாஸ்டிக் பீப்பாயில் துளை போடுவதற்காக முனையை வைத்து அழுத்தினேன். அலகை விரிந்த நிலையில் நிறுத்த வேண்டிய உள்தகடு வழுக்கியது, அலகு வந்த வழியே திரும்பி மடங்கி மோதிர விரலில் இறங்கியது. ஏழு தையல். அந்த வாரம் குலை வெட்ட ஆள் வைத்த கூலியைக் கணக்கிட்டால், அதைவிட நல்ல கத்தி இரண்டு வாங்கியிருக்கலாம்.

கட்டுப் போட்ட கையோடு, எங்களுக்கு வழக்கமாக மண்வெட்டி அடித்துத் தருகிற ஆசாரியிடம் அந்தக் கத்தியைக் கொண்டுபோனேன். அவர் அலகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரித்த கத்தியைக் காதருகே கொண்டுபோய் மெதுவாக ஆட்டினார். பிறகு என் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே 'கிடுகிடு' என்றது. "கூர ஏன் பாக்குதிய அண்ணாச்சி? மூட்டு ஆணியயில்லா பாக்கணும்" என்றார். அவ்வளவுதான், உலைப்பக்கம் திரும்பிவிட்டார். அன்று முதல் நான் எந்தக் கடையில் கத்தி வாங்கினாலும் அதைக் காதருகே வைத்துப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நான் இப்போது வைத்திருக்கும் கத்தியை, நிலையத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கொண்டுவந்திருக்கிறேன். ஒலிவாங்கிக்கு அருகில் விரிக்கிறேன், கேளுங்கள். 'டக்' என்று ஒரே ஓசை. இரண்டு ஓசை கேட்டால், அல்லது ஓசை முடிந்த பிறகும் அலகு அசைந்தால், அந்தக் கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மடக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அலகு பிடியின் இரு பக்கத்தையும் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும். மூட்டில் இருப்பது அடித்துக் கடாவிய ஆணியா, முடுக்கக்கூடிய திருகா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருகாக இருந்தால் தளரும்போது வீட்டிலேயே முடுக்கலாம். ஆனால் அதன் தலை நம்மிடம் உள்ள திருப்புளிக்குப் பொருந்த வேண்டும். நட்சத்திர வடிவத் தலை வைத்த திருகுகளுக்கான சாவி எல்லா இரும்புக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

விரிந்த அலகு தானே மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு என்று ஒன்று இருக்கிறது. சில மடக்குக் கத்திகளில் பூட்டே கிடையாது. பிடியின் முதுகில் உள்ள வில், அதாவது ஸ்பிரிங், மட்டும் அலகை நிறுத்தி வைத்திருக்கும். காற்றில் அடிக்கிற கதவுக்கு அடியில் கல்லை வைப்பதற்கும் தாழ்ப்பாள் போடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்த இரண்டுக்கும். கல் வைத்த கதவும் நிற்கும். ஆனால் அதன்மேல் சாய்ந்து நிற்கக் கூடாது. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த, சுவிஸ் ராணுவக் கத்தி என்று பெயர்பெற்ற சிவப்புக் கத்தியின் வழிவந்தவற்றில் பெரும்பாலானவை வில்லை மட்டுமே நம்புகின்றன. இழுத்து அறுக்கும் வேலைக்கு அது போதும், குத்தித் துளைக்கும் வேலைக்குப் போதாது. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு, 1955இல் திருகிப் பூட்டும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். பார்க்க எளிய ஏற்பாடு. பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். என் அக்காள் மகன் கொண்டுவந்து கொடுத்த அந்தக் கத்தி ஐப்பசி மழையில் பிடி ஊறிப் பருத்து, விரிக்க முடியாமல் இறுகிக்கொண்டது. பிடியின் அடிப்பக்கத்தைக் கட்டையில் தட்டினால் அலகு சற்று வெளியே வரும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சவாய்க்காரர்களும் அப்படித்தான் செய்வார்களாம்.

அலகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் எந்த வேலைக்கும் போதும். எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருந்தால்தான் அதைத் துருப்பிடிக்காத வகையில் சேர்ப்பார்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் வேலை செய்கிறவர்கள் அந்த வகையையே வாங்க வேண்டும். குரோமியம் இல்லாத கார்பன் எஃகு எளிதில் கூராகும். ஆனால் வாழைக் கறை பட்டால் கறுத்துவிடும். மாங்காய் நறுக்கிய பழைய அரிவாள்மணை கறுத்திருப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். அதே கறுப்புதான் இதுவும். அந்தக் கறுப்பு கெடுதல் செய்யாது, செந்நிறத் துருவைத்தான் விடக் கூடாது. 'மிகக் கடினமான எஃகு' என்று விளம்பரம் செய்கிறார்களே என்று கேட்பீர்கள். கடினம் கூடக் கூடக் கூர் நீண்ட நாள் நிற்கும் என்பது உண்மை. ஆனால் தீட்டுவது பெரும்பாடு, கல்லில் பட்டால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். வீட்டுத் திண்ணையில் உள்ள கல்லில் தீட்டுகிற நமக்கு நடுத்தரக் கடினமே நல்லது.

இடையில் ஒன்று. உர மூட்டையின் வாயில் போட்டிருப்பது சங்கிலித் தையல். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் முழுத் தையலும் தானே பிரிந்து வந்துவிடும். கத்தியே வேண்டாம், சாக்கும் கிழியாது. கத்தியைப் பற்றிப் பேச வந்தவன் கத்தி வேண்டாம் என்கிறானே என்று நினைக்காதீர்கள். கத்தி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதற்கு உரியதல்லாத வேலையைக் கொடுக்கக் கூடாது. பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்புவதும் திருகைத் திருப்புவதும் முனையை மட்டுமா கெடுக்கின்றன? மூட்டின் ஆணியையும் தளர்த்துகின்றன. மறுபடியும் மூட்டுக்கே வந்துவிட்டேன்.

தீட்டுவதைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். பனையேறிகள் தீட்டுப்பலகையில் கல்பொடி தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுகிற அழகைச் சொல்லவே அரை மணி வேண்டும். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். ஆகவே அளவை மட்டும் சொல்கிறேன்: இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள அலகைக் கல்லில் சாய்க்கும்போது, அதன் முதுகு ஒரு பென்சில் தடிமன் உயர்ந்திருந்தால் ஏறத்தாழ இருபது பாகை, வேலைக் கத்திக்கு அது பொருந்தும். சக்கரச் சாணையில் கொடுத்தால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். விளிம்பு நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுத வகையில் சேர்க்கின்றன; வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. ஆயினும் திருவிழாக் கூட்டத்துக்குப் போகும்போது கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்காதீர்கள். மூட்டுக்கு மாதம் ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழி விடியலில் அது உறைந்து, மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நேரமாகிவிட்டது, வணக்கம்.