லுகேமியா மூளைக்கு இறங்கும் வழி

[காட்சி: மைக்ரோஸ்கோப்பில் ரத்தத் துளி. புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை.]

சிகிச்சையில் ஒரு குழந்தையின் ரத்தம் சுத்தமாகிவிட்டது. சில மாதம் கழித்து அதே குழந்தை தலைவலி, வாந்தி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று திரும்பி வருகிறது. 1960-களில் ஏ.எல்.எல். (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா) வகை ரத்தப் புற்றுநோயைப் பார்த்த டாக்டர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மருந்துகள் மேம்பட்டு, குழந்தைகள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள். மூளைப் பக்கம் பதுங்கியிருந்த நோய் தலைகாட்டவும் அதனாலேயே நேரம் கிடைத்தது.

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கே இல்லாமல் ஒட்டியிருக்கும். பல மருந்துகள் அதைத் தாண்டுவதில்லை. சரி, மருந்தே நுழையாத இடத்துக்குள் முழுசாக ஒரு செல் எப்படிப் போனது?

[காட்சி: முதுகெலும்பின் குறுக்குவெட்டு]

2018-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு, எலிகளில் ஒரு வழியைக் கண்டுபிடித்தது. முதுகெலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது. லுகேமியா குடியிருப்பதே அங்கேதான். அந்த மஜ்ஜையிலிருந்து பொடிப்பொடி ரத்தக்குழாய்கள் எலும்பைத் தாண்டி மூளை–தண்டுவட உறைக்குப் போகின்றன. புற்றுச் செல் குழாய்க்குள் மிதந்து போகவில்லை. அதன் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு ஊர்ந்தது, கிணற்றுக்குள் கயிறு பிடித்து இறங்குகிற மாதிரி. கயிறு, குழாயின் மேல்பூச்சிலுள்ள லாமினின் என்ற புரதம். பிடிக்கிற கை, செல்லின் மேலிருக்கும் ஆல்ஃபா6 இன்டெக்ரின். அந்தக் கட்டிக்காத்த சுவரை அது தொடவே இல்லை!

இறங்கிய இடம், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர்.

[காட்சி: மருத்துவமனை வார்டு]

"நீர்ல ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னீங்க, அப்புறம் எதுக்கு டாக்டர் இத்தனை ஊசி?" பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் சோதனைக்கு எடுக்கும் சில மில்லிலிட்டரில் அகப்படாத செல்கள் உறையில் ஒட்டியிருக்கலாம். அதனால்தான் ஏ.எல்.எல். குழந்தைகள் எல்லோருக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்று மருந்து முதுகு வழியாக நேரே அந்த நீரில் போகிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் டாக்டர் டொனால்ட் பிங்கெல் குழு, 1960-களின் கடைசியில் இதோடு தலைக்குக் கதிர்வீச்சும் சேர்த்தது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். விலையும் இருந்தது: படிப்பில் தடுமாற்றம், வளர்ச்சிக் குறைவு. இன்று பெரும்பாலோருக்குக் கதிர்வீச்சு தேவைப்படுவதில்லை.

[காட்சி: ஊசி போடும் கைகள்]

முதல் ஊசியில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். அப்போது ரத்தத்தில் புற்றுச் செல்கள் மண்டிக் கிடக்கும். ஊசி ஒரு சின்னக் குழாயைக் கீறினால், அந்த ரத்தத்தோடு செல்களையும் நாமே உள்ளே இறக்கிவிடக்கூடும். எனவே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவாக இருந்தால் அதை ஏற்றிவிட்டு, குழந்தை அசையாதபடி மயக்கம் கொடுத்து, கை பழகிய டாக்டரே அதைப் போடுவது நல்லது.