உசிலம்பட்டி பஸ்ஸுல கேக்க எந்த ராப் ஆல்பம்? ஒரு தம்பியோட கேள்விக்குப் பதில்

வணக்கம் மக்களே. சத்தம் சரியா வருதா? மைக்ல இரைச்சல் விழுதுன்னு ஃபேனை நிப்பாட்டிட்டுப் பேசுறேன், வேர்த்துக் கொட்டுது. உசிலம்பட்டித் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. அப்படியே படிக்கிறேன்: "அண்ணே, தினமும் உசிலம்பட்டியிலருந்து ஆரப்பாளையத்துக்கு பஸ்ல வேலைக்கு வர்றேன். கூடக் கொறைய ஒரு மணி நேரம் ஆகும். ராப் ஆல்பம் புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கு. எதைக் கேக்கலாம், எதைத் தள்ளலாம்? எனக்கு இங்கிலீஷ் அரைகொறைதான், அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க."

தம்பி, நல்ல அளவுகோலை நீங்களே கையில வச்சிருக்கீங்க. ஒரு மணி நேரம். ஆல்பம் போடுறவன் அந்த ஒரு மணி நேரத்தை மதிக்கிறானா இல்லையான்னு பாருங்க, பாதி வேலை முடிஞ்சிரும்.

மொதல்ல தள்ளவேண்டியது. ப்ளேபாய் கார்ட்டின்னு ஒரு அமெரிக்க ராப் பாடகர், அவரோட 'மியூசிக்' ஆல்பம் 2025 மார்ச்ல வந்துச்சு. நாலு வருஷத்துக்கு மேல காக்க வச்சுட்டு 30 பாட்டு. நீங்க ஆரப்பாளையத்துல இறங்கி, டீ குடிச்சு, வேலைக்குள்ள நுழையுற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். எதுக்கு 30ன்னு கேட்டா, இப்ப ஆல்பம் வித்த கணக்கை சிடியை வச்சு மட்டும் பாக்குறதில்ல, ஒவ்வொரு பாட்டும் ஓடுனதையும் சேத்து எண்ணுறாங்க. 10 பாட்டு போட்டவனுக்கு ஒரு ஆள் முழுசா கேட்டா 10, 30 போட்டவனுக்கு 30. ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் ஓடுனாலே ஒரு கணக்கு. அதனால குஸ்காவை அமுக்கி வச்சு மேல ரெண்டு பீஸ் வக்கிற பிரியாணி மாதிரி ஆகிப்போச்சு. பீஸ் மட்டும் வேணும்னா, இன்னொரு அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் வந்து பாடுற 'குட் கிரெடிட்'டை மட்டும் எடுத்துக் கேளுங்க.

அந்த கென்ட்ரிக்கோட 'ஜிஎன்எக்ஸ்', அது பஸ்ஸுக்குன்னே அளவெடுத்துத் தச்சது. 2024 நவம்பர்ல முன்னறிவிப்பே இல்லாம இறக்குனாரு. 12 பாட்டு, முக்கால் மணி நேரம். நீங்க ஏறி உக்காந்து போட்டீங்கன்னா நாகமலை புதுக்கோட்டை பக்கம் முடியும். ஜிஎன்எக்ஸ்ங்கிறது 1987ல வந்த கருப்பு பியூக் கார், மொத்தமே 547 வண்டிதான் செஞ்சாங்க. கென்ட்ரிக் பிறந்ததும் அதே வருஷம்தான். ஆல்பத்தைத் திறந்த உடனே மெக்சிகோவோட மரியாச்சி இசை பாடுற ஒரு பாடகி ஸ்பானிஷ்ல குரலை விடுறாங்க. எனக்கு ஸ்பானிஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனா அந்தக் குரல்ல ஏதோ ஒரு இழவு வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு. அதனால அரைகொறை இங்கிலீஷ்னு நீங்க கூச்சப்படத் தேவையே இல்ல. மொத தடவை அர்த்தம் பாக்காதீங்க. எங்க மூச்சு விடுறான், எங்க சொல்லை இழுத்து தாளத்துக்குப் பின்னாடி போடுறான்னு கேளுங்க. வரியெல்லாம் ராத்திரி படிச்சுக்கலாம்.

டிரேக்ங்கிற இன்னொரு ராப் பாடகரோட கென்ட்ரிக் போட்ட சண்டைப் பாட்டு இதுல இருக்கும்னு தேடாதீங்க. அஞ்சு கிராமி விருது வாங்குன 'நாட் லைக் அஸ்' தனியா வந்தது, ஆல்பத்துல கிடையாது. அந்தச் சண்டை எப்படின்னு நிறையப் பேரு கேக்குறீங்க. நம்ம பக்கம் திருவிழாவுல 'வள்ளி திருமணம்' நாடகம் பாத்திருப்பீங்கல்ல? நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவாங்க. இவரு ஒரு கேள்வியப் போட, அந்தம்மா மடக்க, ஆர்மோனியக்காரரு பக்கத்துல இருந்து ஏத்திவிட, கீழ பாயப் போட்டுப் படுத்திருந்தவன்லாம் எந்திரிச்சு உக்காருவான். எங்க அப்பத்தா மடியில படுத்து விடிய விடிய பாத்திருக்கேன். டிஸ் டிராக்னு ராப்புல சொல்ற சண்டைப் பாட்டுன்னா அதுதான். வம்புக்கு இழுக்குற லந்து, ஆனா தாளம் தப்பாது, அவையில ஜெயிச்சாகணும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சதுக்கு வர்றேன். க்ளிப்ஸ். வர்ஜீனியாவுல வளந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு, மாலிஸ் அண்ணன், புஷா டி தம்பி. 2009க்கு அப்புறம் சேந்து ஆல்பமே போடல. 2025 ஜூலையில 'லெட் காட் சார்ட் எம் அவுட்'டோட வந்தாங்க. இசை ஃபாரல் வில்லியம்ஸ். போதைச் சரக்கு வித்த கதையைப் பாடியே பேரு வாங்குன ஆளுங்க, இதுலயும் அந்தப் பேச்சு உண்டு. ஆனா மொத பாட்டு அது இல்ல. அம்மாவும் அப்பாவும் சில மாச இடைவெளியில போய்ச் சேந்துட்டாங்க, அதைப் பத்துன பாட்டு. தம்பி அம்மாவைப் பாடுறாரு, அண்ணன் அப்பாவை. அண்ணன் பாகத்துல ஒரு இடம் வரும். வாசல்ல அப்பாவோட கார் நிக்குது, அப்ப ஆளு வீட்டுலதான் இருக்காரு. கதவைத் தட்டுறாரு. மூணாவது தட்டுல உடம்பு சில்லுனு ஆயிருது. அழுகாச்சி கிடையாது, குரலை ஏத்தலை, வழக்கம்போல அதே நிதானத்துல சொல்லிட்டுப் போறாரு. அம்மா இல்லாம அப்பாவால இருக்க முடியல, அவளைத் தனியா அனுப்ப மனசில்லாம கூடவே கெளம்பிட்டாருன்னு. நம்ம ஊர் ஒப்பாரியில பொம்பளைக பாடுற சேதிதான், எங்கயோ வர்ஜீனியாவுல இருந்து ஒரு ஆம்பளை சொல்றான். எங்க அய்யா போனப்ப எனக்கு அழுகையே வரல. இந்தப் பாட்டுக்கு, காளவாசல் சிக்னல்ல வண்டியில நிக்கிறப்ப வந்துருச்சு. பக்கத்து ஆட்டோக்காரரு ஒரு மாதிரியா பாத்தாரு. சரி, விடுங்க.

அமெரிக்க ராப் பாடகி டோச்சியோட 'அலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்' 2024 ஆகஸ்ட்ல வந்தது. சிறந்த ராப் ஆல்பம் கிராமி வாங்குச்சு. 19 பாட்டு, ஆனா எல்லாம் சின்னச் சின்னது, பஸ் நேரத்துக்குள்ள அடங்கிரும். இதுக்கு மட்டும் வரிகளைப் பக்கத்துல வச்சுக்கங்க. 'டினையல் இஸ் எ ரிவர்'ல அந்தப் பொண்ணே ரெண்டு ஆளா மாறி, மனசு டாக்டர்கிட்ட பேசுற மாதிரி கேள்வியும் பதிலுமா போவும். கடைசியில மூச்சுப் பயிற்சி. அந்த மூச்சே தாளமா மாறும். பிரமாதம்.

எமினெம் ரசிகர்கள் கோச்சுக்கப்படாது. ஸ்லிம் ஷேடிங்கிறது அவரு பாட்டுல போடுற வேஷம், அந்த வேஷம் சாகுறதா 2024 ஜூலையில வந்த ஆல்பத்தை நான் முழுசா ரெண்டு தடவைதான் கேட்டேன், மூணாவதுக்கு மனசு வரல. இருபது வருஷத்துக்கு முந்தி சிரிச்ச ஜோக்கையே திரும்பச் சொன்னா? மகளுக்காகப் பாடுன 'டெம்பரரி' மட்டும் கேளுங்க, போதும்.

டைலர் த கிரியேட்டரோட 'டோன்ட் டேப் த கிளாஸ்', 2025 ஜூலை. "கண்ணாடியைத் தட்டாதே". நம்ம பஸ்ஸுல "கரம் சிரம் புறம் நீட்டாதீர்"னு எழுதிருக்கும்ல, அந்த மாதிரி தலைப்பு. 10 பாட்டு, அரை மணி நேரம்கூட இல்ல, செக்கானூரணி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். ஆடுறதுக்குன்னே போட்டது. படிக்கட்டுல தொங்கிக்கிட்டுக் கேக்காதீங்க.

கேரளாவுல பிறந்த ராப் பாடகர் ஹனுமான்கைண்ட் பத்தியும் கேக்குறீங்க. மரணக் கிணத்துக்குள்ள காரும் பைக்கும் சுத்த எடுத்தாரே 'பிக் டாக்ஸ்', தமுக்கம் பொருட்காட்சி ஞாபகம் வந்துச்சு எனக்கு. அப்புறம் வந்த 'மான்சூன் சீசன்'ல அந்த வேகம் அங்கிட்டு இங்கிட்டுதான் இருக்கு. தமிழ்ல வேணும்னா ராப் பாடகர் அறிவு போட்ட 'வள்ளியம்மா பேராண்டி', 2024. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல கூலி வேலை பாத்த பாட்டி பேரைத் தலைப்புல வச்சிருக்காரு. க்ளிப்ஸ் கேட்ட மறுநாள் இதைக் கேளுங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசும்.

ஒண்ணு மட்டும், ஸ்பீக்கர்ல போட்டுறாதீங்க. கெட்ட வார்த்தை கொட்டிக் கெடக்கு, பக்கத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக உக்காந்திருக்கும். டிரைவர் அண்ணே இளையராஜாவைச் சத்தமா வச்சாருன்னா பேசாம அதைக் கேளுங்க, ராப்பு நாளைக்கு ஆகட்டும். நான் மொதல்ல ஃபேனைப் போட்டுக்கிறேன்.