ஒரு கொல்லரின் 86 எழுத்துகள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் என்றதும் அவர்கள் விரட்டப்பட்ட கதையைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். நான் ஒரு கொல்லரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

பெயர் செக்வோயா. வெள்ளி வேலையும் தெரிந்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வெள்ளையர்கள் தாளைப் பார்த்துப் பேசுவதைக் கவனித்தவர், நம் பேச்சையும் தாளில் பிடித்துவிடலாமே என்று 1809 வாக்கில் உட்கார்ந்தார். முதலில் சொல்லுக்கு ஒரு குறி போட்டுப் பார்த்தார். குறிகள் பெருகிக்கொண்டே போயின. யாராலும் நினைவில் வைக்க முடியாது. அப்புறம்தான் காதைத் தீட்டிக்கொண்டார். சொற்கள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அவற்றில் வரும் அசைகள் கொஞ்சம்தானே! அசைக்கு ஓர் எழுத்து என்று வைத்து, 1821இல் 86 எழுத்துகளை முடித்தார். நம் உயிர்மெய் மாதிரிதான். ஆனால் 'க', 'கி' என்றால் நமக்குப் பார்த்ததுமே உறவு தெரியும். அங்கே ஒவ்வொன்றும் தனி வடிவம். ஆங்கில 'D' போல இருப்பதை 'அ' என்று படிக்க வேண்டும்!

ஊரில் யாரும் நம்பவில்லை. முதல் மாணவி அவருடைய சின்ன மகள் அயோக்கா. பெரியவர்கள் சொன்னதை அப்பா எழுத, தூரத்தில் நின்றிருந்த மகள் வந்து அப்படியே வாசித்தாளாம். அந்த இடத்தில் நாமும் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும் எனக்கு.

1825இல் செரோக்கி அரசு அந்த எழுத்தை ஏற்றது. 1828இல் அவர்களின் தலைநகர் நியூ எக்கோட்டாவில் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' செய்தித்தாள் இரண்டு மொழியில் வந்தது. இதற்குள் ஜார்ஜியா மாநிலம் அவர்கள் நிலத்தின் மேல் கண் வைத்துவிட்டது. மாநிலச் சட்டம் அங்கே செல்லாது என்று 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியும் பயனில்லை. 1835இல் செரோக்கியரிலேயே ஒரு சிறு கூட்டம், தலைவர் ஜான் ராஸின் சம்மதம் இல்லாமலே நிலத்தை அமெரிக்க அரசுக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது. 1838இல் படைவீரர்கள் வீடு வீடாக வந்தார்கள். சுமார் 16,000 பேர் மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டார்கள். குளிரிலும் நோயிலும் ஏறத்தாழ 4,000 பேர் மடிந்தார்கள். அந்த வழியைக் கண்ணீர்ப் பாதை என்கிறார்கள்.

வீடு போனது, வயல் போனது. எழுத்து மட்டும் கூடவே நடந்தது. 1844இல் தாலக்வா என்ற புதிய ஊரில் மறுபடியும் ஒரு செய்தித்தாள், அதே எழுத்தில். இன்று அதைக் கைபேசியிலும் தட்டலாம். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் 'ட்சலகி'. செக்வோயாவின் எழுத்தில் மூன்றே தட்டு: ட்ச, ல, கி.